பாதி வசனம்

ஆபிரகாம் அண்ணன் பைபிளைத் திறந்தால் எங்கள் தெருவில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். ஒரு வசனத்தை வாசிப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது யாருக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார். திடீரென்று முகம் மலரும். ஆள் கிடைத்துவிட்டது.

மண்ணூருக்குப் பக்கத்தில் போல்ட், நட்டு தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் சொல்வது 1991-ஆம் வருஷத்துச் சங்கதி. கார் கம்பெனி, கம்பெனி பஸ் எதுவும் அப்போது இந்தப் பக்கம் வரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில ஷெட்டுகள்தான். அதில் ஒரு ஷெட்டின் மூலையில் கம்பி வலை போட்ட அறைக்குள் ஆபிரகாம் அண்ணன் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். எந்த அளவு போல்ட் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சீட்டு இல்லாமல் ஒரு வாஷர் வெளியே போகாது.

பைபிளையும் அவர் ஸ்டோர் மாதிரிதான் வைத்திருந்தார். குடிக்கிறவனுக்கு ஒரு வசனம், கோள் சொல்கிறவளுக்கு ஒரு வசனம், வேலைக்கு லேட்டாக வருகிறவனுக்கு ஒரு வசனம் என்று தனித்தனியாகத் தயாராக இருக்கும். ஆளைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவருக்குக் கீழே வேலை பார்த்த எல்லப்பன் சைக்கிள் பஞ்சர் என்று ஒருநாள் தாமதமாக வந்ததற்கு, எறும்பைப் பார்த்துப் புத்தி கற்றுக்கொள்ளச் சொல்லும் வசனம் முழுசாகக் கிடைத்தது. எல்லப்பன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். அவன் என்னிடம் வந்து, "டைலரம்மா, உங்க சாமி எங்க கம்பெனி கேட்டாண்டகூட நின்னுகினு டைம் பாக்குதா?" என்று கேட்டான்.

அவரிடம் இரண்டு கலர்ப் பென்சில் இருந்தது. கண்டிப்பு வசனத்துக்குச் சிவப்பு, ஆறுதல் வசனத்துக்குப் பச்சை. சிவப்புப் பென்சில் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தேய்ந்து, பிடிக்க இடமில்லாமல் கிடந்தது. பச்சைப் பென்சில் கடையில் வாங்கிய நீளத்துக்கு அப்படியே இருந்தது. அன்பு, இரக்கம், கண்ணீர் துடைப்பது மாதிரி வசனங்கள் வந்தால் அவர் வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். கல்யாண வீட்டில் யாராவது தோளில் கை போட்டால் நெளிவாரே, அந்த நெளிவு.

அவர் மனைவி அன்னபுஷ்பம் அக்கா வாசிப்பது வேறு விதம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். 'நீ' என்றோ 'உன்னை' என்றோ எங்கே வந்தாலும் விரலை அங்கேயே நிறுத்தி, மெதுவாக "அன்னபுஷ்பம்" என்று சேர்த்துக்கொள்வாள். பயப்படாதே அன்னபுஷ்பம். நான் உன்னோடே இருக்கிறேன் அன்னபுஷ்பம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். என் தையல் மெஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். அதனால் ஆண்டவர் அக்காவிடம் பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கும்.

"ஏன்டி, அந்தத் தீர்க்கதரிசி எழுதும்போது மண்ணூர்ல அன்னபுஷ்பம்னு ஒருத்தி சாம்பார் வெச்சிகினு கீறான்னு அவருக்குத் தெரியுமா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

"அவருக்குத் தெரியாது. சொல்லி எழுத வெச்சவருக்குத் தெரியும்" என்பாள் அக்கா. கோபமே வராது.

ஆண்டவர் நம்மைத் தன் உள்ளங்கையில் வரைந்து வைத்திருக்கிறார் என்கிற இடத்தை வாசித்த அன்றைக்கு, சாம்பல் ஒட்டிய கையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "கும்பல்ல நான் தொலைஞ்சிடப் போறேன்னு கையில எழுதி வெச்சிகினாராம் டைலரம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை யாரும் அளவு நோட்டில்கூட எழுதி வைத்ததில்லை.

எங்கள் சபையில் புது வருஷத்து முதல் நாள் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷத்துக்கென்று ஆண்டவர் நமக்குக் கொடுத்தது. கண்ணாடியின் சட்டத்தில் செருகிவைத்து, தலை வாரும்போதெல்லாம் பார்த்துக்கொள்வோம். எல்லா அட்டையிலும் நல்ல வார்த்தைதான் இருக்கும். ஓரத்தில் ரோஜாப்பூ படம் இருக்கும். சபையை நடத்துகிற உபதேசியார் மெட்ராஸிலிருந்து வாங்கி வருவார்.

அந்த வருஷம் உபதேசியார் அட்டைக் கட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். என்ன செய்வது என்று அவர் கையைப் பிசைந்தபோது, "கவலப்படாதீங்க, நான் எழுதித் தரேன்" என்றார் ஆபிரகாம் அண்ணன். அப்போதே நாங்கள் யாராவது அவரைத் தடுத்திருக்க வேண்டும்.

போல்ட் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஸ்டோர் டப்பாவில் ஒட்டுகிற சீட்டு அளவுக்குத் துண்டு போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜெபம் முடிந்தது, தட்டு சுற்றிவந்தது, எடுத்தோம், திருப்பினோம்.

கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து கம்பெனி வாசலில் இட்லிக் கடை போடுகிற கிளியம்மாளுக்குச் சோம்பேறிகளைக் கண்டிக்கும் வசனம் வந்திருந்தது. டீ தவிர வேறெதுவும் குடிக்காத ஜெபர்சனுக்குச் சாராயத்தின் கேடு. புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு உலகத்தின் முடிவு. ரேடியோவில் வளைகுடாச் சண்டை வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் வேறு, பாவம், அந்தப் பெண் அழுதேவிட்டாள். எனக்கு வந்தது நாவை அடக்கச் சொல்லும் வசனம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

"இன்னாண்ணே இது? வாக்குத்தத்தம் கேட்டா வாத்தியாரு பெரம்பு மாதிரி கீது" என்றாள் கிளியம்மாள்.

"ரோஜாப்பூ வசனமா வருஷா வருஷம் எடுத்தீங்களே, யாராவது திருந்தினீங்களா? தட்டுல வர்றது தற்செயல் இல்ல" என்றார் அண்ணன். அவர் அட்டை எடுக்கவில்லை. எழுதியவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

அன்னபுஷ்பம் அக்கா எடுத்த அட்டையில் ஒரே வரி. உன் வீட்டை ஒழுங்குபடுத்து. நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீடு தலைகீழானது. பரண் காலியானது. பழைய பாத்திரம் எல்லாம் ஈயம் பூசி வந்தது. அஞ்சறைப்பெட்டியில் ஆரம்பித்துப் பருப்பு டப்பா வரைக்கும் ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டது. கடுகு. உப்பு. இது ரசத்துக்கு, சாம்பாருக்கு இல்லை. கம்பெனியில் எட்டு எம்எம் போல்ட்டை இருட்டில் எடுக்கிற மனுஷனுக்குத் தன் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து தெரியாது. அவரை அடுப்பு முன்னால் உட்காரவைத்து ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜெர்சி வந்தபோது, தன் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா எல்லப்பா, வசனம் வேலை செய்யுது. என் வூட்டுலயே மொதல்ல செய்யுது" என்று ஸ்டோரில் உட்கார்ந்து பெருமையடித்தாராம். தெருவில் என்னைப் பார்த்ததும், தரையெல்லாம் வெட்டுத்துணி கிடக்கிற என் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு விஷயம் மட்டும் நடக்கவில்லை. டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார். வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பயமில்லை, தள்ளிப்போட்டால்தான் ஆபத்து என்று எழுதியும் கொடுத்திருந்தார். பொங்கல் கழியட்டும் என்றாள் அக்கா. பொங்கல் கழிந்தது. மாட்டுப்பொங்கலும் கழிந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றாள். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற அண்ணன், ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்காத வரைக்கும் நல்லது என்று சும்மா இருந்தார். அக்கா நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒருநாள் மத்தியானம் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ரவிக்கை தைக்க வேண்டுமாம்.

"பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் கீதேக்கா" என்றேன். பெரிய வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் வெள்ளை உடுத்துவது வழக்கம்.

"அதுக்கு இல்ல. நல்லா லூஸா வெச்சித் தை. மத்தவங்க போட்டு வுடுறதுக்கு ஈஸியா இருக்கணும்."

எங்கள் ஜனத்தில் செத்தவர்களுக்குத்தான் அப்படி மற்றவர்கள் உடுத்திவிடுவார்கள். நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். முந்தானையிலிருந்து அந்த அட்டையை அவிழ்த்துக் காட்டினாள்.

"உங்க அண்ணன் பாதிதான் எழுதிகீறாரு. எசேக்கியா ராஜா வியாதியா படுத்திருக்கும்போது ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொன்னது இது. வூட்ட ஒழுங்குபடுத்து, நீ பொழைக்க மாட்டேன்னு வரும். டாக்டரம்மா கட்டின்னாங்க. பத்து நாள்ல இந்த அட்டை வந்துச்சு. எனக்குப் புரிஞ்சிடுச்சி."

"அக்கா, அது அண்ணன் போல்ட் பெட்டிய வெட்டி எழுதினது!"

"டைலரம்மா, இத்தன வருஷமா நல்ல வார்த்தையெல்லாம் எனக்குன்னு பேர் போட்டு வாங்கிகினேன். இப்ப ஒரு கஷ்டமான வார்த்த வந்ததும், இது வேற வூட்டு அட்ரஸுன்னு திருப்பி அனுப்ப முடியுமா? ஆண்டவர் எம்மேல அன்பா இருக்கறதாலதான் முன்கூட்டியே சொல்றாரு. ரசம் வெக்கக் கத்துக்குடுக்க டைம் குடுத்தாரு பாரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாரு" என்றாள்.

நாவை அடக்கச் சொல்லித்தான் எனக்கும் அட்டை வந்திருந்தது. வரட்டும். முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஆபிரகாம் அண்ணனைத் தெருமுனையிலேயே மறித்து, என் வீட்டுக்குள் கூட்டிவந்து, வெள்ளைத் துணியை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். "அட, அந்த அட்ட உனக்கு எழுதினதும்மா! உன் வூடு கீற லட்சணத்துக்கு!"

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோல் கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. "அந்த வசனத்த முழுசா சொல்லுங்கண்ணே பாக்கலாம்" என்றேன்.

அவருக்கு எல்லாம் மனப்பாடம். கடகடவென்று ஆரம்பித்தார். பாதியில் வாய் திறந்தபடியே நின்றது. தேவைப்பட்ட துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்காமல் ரேக்கில் போட்டுவிட்ட ஸ்டோர்க்காரரின் முகத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். துணியை என் மெஷின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுவர் வழியாகக் கேட்டேன். ஒட்டுக்கேட்டாயா என்று கேட்டால், ஆமாம், ஒட்டுக்கேட்டேன்.

"அன்னம், அந்த அட்ட நான் எழுதினது. ஆண்டவர் எழுதினது இல்ல. அத உட்டுடு."

"எழுதினது நீங்க. என் கையில எடுக்க வெச்சது யாரு?"

தட்டில் வருவது தற்செயல் இல்லை என்று வருஷா வருஷம் எல்லாருக்கும் அடித்துச் சொன்னவரே அவர்தான். புதுவருஷத்தன்று கிளியம்மாளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அவர் போட்ட பூட்டுக்குள்ளேயே அவர் மாட்டிக்கொண்டார். பக்கம் புரளுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"சரி. வந்தது வந்ததுதான். ஆனா கதை அங்க முடியல" என்று வாசிக்க ஆரம்பித்தார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதது. தீர்க்கதரிசி பாதி முற்றம் தாண்டுவதற்குள் ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பியது. போய்ச் சொல், உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன் என்று சொன்னது. அந்த இடத்தில் அண்ணனின் குரல் இழுத்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டது.

"அது ராஜாவுக்குச் சொன்னது. அவன் அழுதான். நான் ஒரு சொட்டு அழலயே. அழுதவங்களுக்குத்தான அது?" என்றாள் அக்கா. பிறகு, ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் கேட்டுக்கொள்கிற கேள்வியை அவரிடமே கேட்டாள். "இது யாருக்கு?"

நாற்காலி நகர்ந்தது. சுவரில் நெற்றி மோதுகிற சத்தம் என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் கேட்டது. பிறகு ஆபிரகாம் அண்ணன் அழுதார். ஊரில் பாதிப்பேரை அழவைத்த மனுஷன், மூக்கை உறிஞ்சத் தெரியாமல், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

"எனக்கு" என்றார். "எனக்குத்தான் அன்னம். அம்பது வருஷமா இந்தப் புஸ்தகத்துல எனக்குன்னு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிகினு ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டேன். எனக்குன்னு யாரு இன்னா எழுதப் போறாங்கன்னு இருந்துட்டேன். நீ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்? உப்பு டப்பாவுல பேரு எழுதிட்டா ஆச்சா?"

மெஷின்மேல் தலை வைத்து நானும் அழுதேன். எனக்கும் அந்த வசனத்தில் கொஞ்சம் பங்கு இருக்கும் என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "அதுக்கப்புறம் ராஜாவுக்கு இன்னா பண்ணாங்க?"

"அத்திப்பழத்த அரைச்சிப் பிளவைக் கட்டியில பத்துப் போடச் சொன்னாரு ஏசாயா."

"சும்மா ஜெபத்துலயே ஆக்கிருக்கலாமே?"

"ஆக்கல. வைத்தியம் பண்ணுன்னு சொன்னாரு. நமக்கு அத்திப்பழம் வேலூர்ல கீது. நாளைக்கே பஸ் ஏறலாம்."

ஏறினார்கள். ஆபரேஷன் அன்றைக்கு அண்ணன் ஊசி வாடை பட்டு வராந்தாவில் மயங்கி விழுந்ததாகவும், நர்ஸுகள் இரண்டு பேரை அவருக்காக ஒதுக்க வேண்டியிருந்ததாகவும் ஜெர்சி வந்து சொன்னாள். கட்டியை எடுத்துவிட்டார்கள், பயமில்லை என்றார்கள். அக்கா இல்லாத வீட்டில் சீட்டுப் பார்த்துச் சீட்டுப் பார்த்து அண்ணன் வைத்த ரசத்தை எல்லப்பன் ஒருநாள் குடித்துப் பார்த்தான். அந்த நன்றிக்கோ என்னவோ, பிறகு நாலு நாளுக்கு லேட்டாக வந்தபோதுகூட அண்ணன் வசனம் சொல்லவில்லை என்றான்.

பெரிய வெள்ளிக்கு அக்கா திரும்பிவிட்டாள். அந்த வெள்ளை ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். தொளதொளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக் கொடு என்றாள். ரவிக்கையை வாங்கிக்கொள்ளப் போனபோது மேஜையில் அண்ணனின் பைபிள் திறந்து கிடந்தது. எசேக்கியா ராஜா அழுத பக்கம். ஓரம் முழுக்கப் பச்சைக் கோடு. முதல் தடவையாகச் சீவிய பச்சைப் பென்சில் பக்கத்திலேயே கிடந்தது.

"டைலரம்மா, ராஜாவுக்கு ஆண்டவர் பதினஞ்சி வருஷந்தான் கூட்டிக் குடுத்தாரு" என்றாள் அக்கா, அண்ணனுக்குக் கேட்கும்படி. "கணக்குப் பாத்தா ரெண்டாயிரத்து ஆறு வரைக்கும் வருது. அந்த வருஷம் ஞாபகமா செவுத்துப் பக்கம் திரும்பச் சொல்லு உங்க அண்ணன."

ஆபிரகாம் அண்ணன் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அதுவரைக்கும் எதுக்குக் காத்துகினு இருக்கணும்?" என்றார். "நான் தெனம் கொஞ்சம் அழுதுகினுதான் கீறேன்."